சோகம் இல்லாவிட்டால் படம் வராதா? – வாசகர் கேள்வி பதில்

கல்லூரியில் படித்துக்கொண்டே ஓவியத்திலோ எழுத்திலோ இசையிலோ ஈடுபட்டிருக்கும் மலைப்பகுதி மாணவர்கள், தங்கள் மனத்தில் இருப்பதை எழுதிக் கேட்கலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஓவியம் வரைகிறவர்களுடையவை. அவர்களிலும் மிகப் பலர் ஓவியத்தைப் பாடமாகப் படிப்பவர்கள் அல்லர். அரசு கவின்கலைக் கல்லூரிகள் சென்னையிலும் கும்பகோணத்திலும் இருப்பதால், அங்கே சேர வேண்டுமென்றால் நீலகிரிப் பிள்ளை மலை இறங்கியாக வேண்டும். இறங்க முடியாதவர்கள் வணிகவியலோ தாவரவியலோ படித்துக்கொண்டு, மாலை நேரங்களில் விடுதிக் கட்டிலில் உட்கார்ந்து வரைகிறார்கள். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர்களே அதிகம் என்பதால், எல்லோருக்கும் ஊர்ப் பெயரை மட்டும் கொடுத்திருக்கிறேன்.

கேள்வி: அம்மா, நான் இளங்கலை மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பள்ளி நாட்களிலிருந்தே மனம் உடைந்திருக்கும்போதுதான் என்னால் வரைய முடிந்திருக்கிறது. வீட்டில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஓயாத சண்டை இருந்த காலத்தில் நோட்டு நோட்டாக நிரப்பினேன். இப்போது வீடு அமைதியாகிவிட்டது, நானும் நன்றாகத்தான் இருக்கிறேன். ஆனால் சில மாதங்களாக ஒரு கோடுகூட வரவில்லை. கலைஞருக்குத் துயரம் கட்டாயம் வேண்டுமா? – மாணவி, உதகமண்டலம்

பதில்: வேண்டாம். இந்த ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றாலும், இதே கேள்வியை ஏறத்தாழ இதே சொற்களில் இன்னும் சிலர் கேட்டிருப்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

துயரத்தையும் கலையையும் முடிச்சுப் போடுகிறவர்கள் உடனே வான்கோவைச் சாட்சிக்கு அழைத்துவிடுகிறார்கள். வான்கோ 1889 மே மாதத்தில் தென்பிரான்சின் சேன் ரெமி ஊரிலிருந்த மனநல இல்லத்தில் தாமாகவே சேர்ந்தார். அங்கிருந்த ஓராண்டில் ஏறத்தாழ 150 ஓவியங்களை வரைந்தார். இதுவரை எல்லோரும் சொல்வார்கள். நோய் கடுமையாகத் தாக்கிய வாரங்களில் அவரால் வரைய முடியவில்லை என்பதையும், மனம் தெளிந்திருந்த இடைவெளிகளில்தான் அந்த ஓவியங்கள் பிறந்தன என்பதையும், தம்பி தியோவுக்கு எழுதிய கடிதங்களில் வேலை தடைப்படுவதைப் பற்றிய கவலை திரும்பத் திரும்ப வருகிறது என்பதையும் யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. நோய் அவருக்குப் படங்களைக் கொடுத்ததைவிட, அவரிடமிருந்து வேலை நாட்களைப் பறித்ததே அதிகம்.

உங்கள் நிலைமை அதனினும் எளிது. சண்டை நடக்கும் வீட்டில் நோட்டைத் திறந்தால் அந்தச் சத்தத்திலிருந்து கொஞ்ச நேரம் விலகியிருக்க முடிந்தது. இப்போது விலகி ஓட வேண்டிய தேவை இல்லை, அதனால் நோட்டைத் திறக்கும் தேவையும் இல்லாமல் போயிற்று. கை அப்படியே இருக்கிறது. அத்தனை நோட்டுகளை நிரப்பிய கை சில மாதங்களில் எங்கும் போய்விடாது. அதற்கு வேறொரு காரணத்தைக் கொடுத்தால் போதும்.

அந்தக் காரணங்களைத் தேட நம் தொல்காப்பியத்தில், உணர்வுகள் உடம்பில் வெளிப்படுவதைச் சொல்லும் மெய்ப்பாட்டியலைப் புரட்டிப் பார்க்கச் சொல்வேன். தேர்வுக்காக மனப்பாடம் செய்துவிட்டு மறந்த பகுதிதான் அது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்னும் எட்டில் அழுகைக்கு ஓர் இடம்தான். மீதி ஏழு இடங்கள் வேறு உணர்வுகளுக்கு. ஒவ்வொன்றும் எவற்றிலிருந்து பிறக்கும் என்றும் நான்கு நான்காகச் சொல்கிறார் ஆசிரியர். வியப்பைக் குறிக்கும் மருட்கைக்கு அவர் தரும் நான்கில் பெருமையும் உண்டு, சிறுமையும் உண்டு. அதாவது தொட்டபெட்டா உச்சியைப் பார்த்து வியக்கலாம், பாறை இடுக்கில் பாசி பூத்திருப்பதைப் பார்த்தும் வியக்கலாம். எட்டோடு நிறுத்தாமல் மேலும் முப்பத்திரண்டைப் பட்டியலிடுகிறார். அவற்றில் மடிமை, ஐயம், நாணுதல், பொறாமை, விரைவு, கனவு, அரற்று, முனிதல், வியர்த்தல் எல்லாம் வருகின்றன. வாசித்தால், யாரோ ஒரு கல்லூரி விடுதியில் ஒரு வாரம் தங்கிக் குறிப்பெடுத்தது போல இருக்கும்.

இந்தப் பட்டியலிலிருந்து நாளுக்கு ஒன்றாக எடுத்துக்கொள்ளுங்கள். சேரிங் கிராஸில் பேருந்துக்காக நிற்கும்போது வருகிற சலிப்பை வரையுங்கள். மே மாத மலர்க் கண்காட்சிக் கூட்டத்தில், சொந்த ஊரில் சாலையைக் கடக்க முடியாமல் நிற்கும் உள்ளூர்க்காரரின் எரிச்சலை வரையுங்கள். அது எனக்கு மிகவும் நெருக்கமான உணர்வு என்பதால் சொல்கிறேன். ஒரே நிபந்தனை: உணர்வை முகத்தில் வரையாதீர்கள். முகத்தை வரைந்தால் பழக்கத்தில் உங்கள் கை கண்ணீரைக் கொண்டுவந்துவிடும். தோள்பட்டையிலும், பையின் வாரை இழுத்துவிடும் விரல்களிலும், குளிருக்குக் கக்கத்தில் செருகிய கைகளிலும், ஒரு காலில் சாய்ந்து நிற்கும் நிலையிலும் வரையுங்கள். உள்ளே இருப்பது உடம்பில் எங்கே வெளிப்படுகிறது என்று கவனிக்கத் தொடங்கிவிட்டால், வரைவதற்கு எதுவும் இல்லை என்று சொல்லத் தோன்றாது.

கேள்வி: விடுதியில் என் அறைத் தோழியும் நானும் இருவருமே வரைகிறோம். அவள் ரீல்ஸ் போட்டால் ஆயிரக்கணக்கில் லைக் விழுகிறது. என் படங்களே நன்றாக இருப்பதாக ஆசிரியை சொல்கிறார். இருந்தும் மனம் ஆறவில்லை. அவளுக்குக் காய்ச்சல் வந்து ஒரு வாரம் வரையாமல் இருந்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. நான் கெட்டவளா? – மாணவி, குன்னூர்

பதில்: மேலே சொன்ன முப்பத்திரண்டில் அன்பு, அடக்கம், அருளல் ஆகியவை இருக்கும் அதே வரிசையில்தான் பொறாமையும் இருக்கிறது. அதனால் கெட்டவர் என்ற பேச்சை விட்டுவிடுவோம். பொறாமையை அடக்குவதைவிட, அது எதன்மீது என்று விசாரிப்பது பயன் தரும். அவளுடைய கோட்டின் துணிச்சல்மீதா, வண்ணத்தின்மீதா, அவளுக்குக் கிடைக்கும் கவனத்தின்மீதா? முதல் இரண்டும் என்றால் அவளிடமே கற்றுக்கொள்ளலாம். ஒரே மாலையில் ஒரே பொருளை வைத்து இருவரும் வரைந்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கவனம்தான் என்றால், அது வேறொரு தொழிலின் கூலி என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். ரீல்ஸ் பார்க்கிறவர்கள் வெற்றுத்தாள் அரை நிமிடத்தில் படமாக மாறும் வேகத்தை ரசிக்கிறார்கள். அதற்குத் தொகுக்கத் தெரிய வேண்டும், பாட்டின் தாளத்தோடு பொருத்தத் தெரிய வேண்டும், கேமராவை எங்கே நிறுத்துவது என்று தெரிய வேண்டும். அடுக்கடுக்காக நீர்வண்ணம் பூசிய படத்தில் தாளின் சொரசொரப்பும் அடிவண்ணத்தின் ஒளிர்வும் கைப்பேசித் திரையில் பாதி செத்துவிடும். உங்களுக்கு அந்தக் கூலி வேண்டுமென்றால் அந்தத் தொழிலையும் கற்றுக்கொள்ளுங்கள், அதில் இழிவு எதுவும் இல்லை. வேண்டாமென்றால் உங்கள் படத்தை மனிதர்கள் நேரில் வந்து நிற்கும் இடத்தில் மாட்டுங்கள். காய்ச்சல் வாரத்தைப் பற்றி அவளிடம் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டாம். அது உங்கள் சுமையை அவள் தலையில் இறக்கிவைப்பதாகும்.

கேள்வி: சென்ற நவம்பரில் அப்பா இறந்துவிட்டார். ஆண்டுவிழாக் கண்காட்சிக்காக, "அப்பாவைப் பற்றியே ஒரு படம் செய், மனம் லேசாகும்" என்று எங்கள் கலைக்குழுப் பொறுப்பாசிரியர் அன்போடு சொல்கிறார். பென்சிலை எடுத்தால் கை ஓடவில்லை. மறுத்துச் சொன்னால் தவறாக நினைப்பாரோ என்று தயக்கமாகவும் இருக்கிறது. – மாணவர், கோத்தகிரி

பதில்: ஜெர்மனியில் கேத்தே கொல்விட்ஸ் என்னும் ஓவியர் இருந்தார். ஏழைகளின் பசியையும், பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் துயரையும் அச்சோவியங்களாகச் செய்து, உலகப்போருக்கு முன்பே பெயர் பெற்றவர். அவருடைய இளைய மகன் பீட்டர் 1914 அக்டோபரில், போர் தொடங்கிச் சில வாரங்களிலேயே, பெல்ஜியத்தில் கொல்லப்பட்டான், பதினெட்டு வயது. அவனுக்கு ஒரு நினைவுச் சிற்பம் செய்ய வேண்டும் என்று அந்த ஆண்டிலேயே எண்ணத் தொடங்கினார். முதலில் மகனின் உருவமும் அதில் இருப்பதாகத் திட்டம். செய்து பார்த்தார், நிறைவில்லை, 1919-இல் அதைக் கைவிட்டார். சில ஆண்டுகள் கழித்து மீண்டும் எடுத்தார். கடைசியில் அந்தச் சிற்பம் பெல்ஜியத்துப் போர்வீரர் கல்லறையில் நிறுவப்பட்டது 1932-இல். மண்டியிட்டிருக்கும் தாயும் தகப்பனும் மட்டுமே அதில் இருக்கிறார்கள்; மகன் இல்லை. துயரத்தை வரைவதையே வாழ்நாள் வேலையாகக் கொண்டிருந்த ஒருவருக்கு, சொந்தத் துயரத்தைச் செய்து முடிக்கப் பதினெட்டு ஆண்டுகள் ஆயின. உங்களிடம் ஆண்டுவிழாவுக்குள் கேட்கிறார்கள்.

உங்கள் ஆசிரியர் சொன்னதில் ஆதாரமே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980-களில் கல்லூரி மாணவர்களைக் கொண்டு ஒரு சோதனை செய்தார். தங்கள் வாழ்வின் ஆழமான வேதனையைப் பற்றி நாளுக்குப் பதினைந்து நிமிடம் வீதம், தொடர்ந்து நான்கு நாட்கள் எழுதச் சொன்னார். எழுதி முடித்த கையோடு அவர்கள் மேலும் வருத்தமாகவே உணர்ந்தார்கள். ஆனால் நடந்ததையும் அது தந்த உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்து வந்த மாதங்களில், சாதாரண விஷயங்களைப் பற்றி எழுதியவர்களைவிடக் குறைவாகவே கல்லூரி மருத்துவமனைக்குப் போனார்கள். பிற்காலத்தில் பலர் இதைப் பலவிதமாகச் சோதித்திருக்கிறார்கள். பலன் எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. நான் உங்களுக்குச் சுட்டிக்காட்ட விரும்புவது ஒன்றைத்தான்: அந்த மாணவர்கள் எழுதியதை யாரும் சுவரில் மாட்டவில்லை, பெற்றோர்களை அழைத்து வந்து காட்டவில்லை, பரிசு கொடுக்கவில்லை. தனக்காக வெளிப்படுத்துவது ஒன்று, பிறர் பார்வைக்காகச் செய்வது இன்னொன்று. இரண்டாவதற்கு உங்களுக்கு இன்னும் நேரம் வரவில்லை.

ஆகவே, "ஐயா, அப்பாவைப் பற்றி இப்போது என்னால் வரைய முடியாது, கண்காட்சிக்கு வேறொரு படம் தருகிறேன்" என்று சொல்லுங்கள். இதற்கு மேல் விளக்கம் தர வேண்டியதில்லை. அன்பாகச் சொன்னவர் அன்பாகவே ஏற்றுக்கொள்வார். "அப்பாவின் சட்டையை வரை, செருப்பை வரை" என்று நண்பர்கள் யோசனை சொல்லலாம். அதையும் கடமையாக்கிக்கொள்ள வேண்டாம். பழைய படங்களில் ஒன்றைத் திருத்திக் கொடுப்பதும், மற்றவர்களின் படங்களுக்குச் சட்டம் போட்டுக் கொடுப்பதும்கூடக் கண்காட்சி வேலைதான். இரவில் தூக்கம் வராமல், சாப்பாடு இறங்காமல், எதிலும் பிடிப்பில்லாமல் நாட்கள் நீண்டுகொண்டே போனால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழையுங்கள். அரசு நடத்தும் இலவச மனநல உதவி எண் அது. இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

கேள்வி: படங்களை வைத்து விமர்சிக்கும் கூட்டத்தில், எல்லோர் முன்னிலையிலும் எனக்கு அழுகை வந்துவிட்டது. இனி எப்படி அந்த அறைக்குள் போவது? – மாணவி, உதகமண்டலம்

பதில்: அடுத்த கூட்டத்துக்குப் போங்கள், உங்கள் படத்தை மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வைக்கச் சொல்லுங்கள், ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு சொல்வதையெல்லாம் குறித்துக்கொண்டே இருங்கள். எழுதுகிற கைக்கு வேலை இருக்கும்போது கண்ணுக்கு நேரம் குறைவு. நீங்கள் அழுததை உங்களைத் தவிர மற்றவர்கள் இதற்குள் மறந்திருப்பார்கள். அவரவர் படத்துக்குக் கிடைத்த திட்டு அவரவருக்கு.

கேள்வி: நான் தோடர் இனத்தைச் சேர்ந்தவள். பாட்டியும் அம்மாவும் எங்கள் பூத்தையல் வேலை செய்கிறார்கள், நானும் கற்றிருக்கிறேன். கல்லூரிகளுக்கிடையே நடந்த ஓவியப் போட்டிக்கு நான் தைத்த துணியைக் கொடுத்தபோது, "இது கைவினை, கலையில் சேராது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கோபம் வந்தது. அதைவிட, கூட இருந்த மாணவர்கள் முன்னால் ஏன் இதைக் கொண்டுவந்தோம் என்று ஒரு கணம் கூச்சம் வந்ததே, அதுதான் இன்னும் உறுத்துகிறது. – மாணவி, உதகைக்கு அருகில்

பதில்: போட்டியின் விதியில் தாளும் வண்ணமும் என்று எழுதியிருந்தால், திருப்பிக் கொடுத்ததற்கு அவர்களிடம் ஒரு சாக்கு இருக்கிறது. கலையில் சேராது என்று தீர்ப்புச் சொல்வதற்கு எந்த விதியும் இல்லை. அந்த வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்திருந்தால் அவர்கள் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள். துணியில் மாதிரி வரைந்துகொள்வதில்லை, சட்டத்தில் மாட்டி இழுத்துக் கட்டுவதில்லை. வெளிர் நிறப் பருத்தித் துணியின் ஊடும் பாவுமான இழைகளை விரலாலும் கண்ணாலும் எண்ணிக்கொண்டே, சிவப்பும் கறுப்புமான நூலைக் கோத்துக்கொண்டு போகிறார்கள். எருமைக் கொம்பும் மலையும் பூவும் அந்த எண்ணிக்கையிலிருந்துதான் எழுகின்றன. முழு அமைப்பும் தைப்பவரின் தலைக்குள் இருக்கிறது. ஓர் இழை பிசகினால் வரிசை முழுவதும் கோணும். கைப்பேசிப் படத்தைக் கண்ணாடிமீது வைத்துத் தடம் எடுத்து வண்ணம் தீட்டுவதை ஓவியம் என்று ஏற்றுக்கொள்கிற நடுவர்கள், இதை ஏற்பதற்கு யோசிப்பது எனக்கு விளங்கவில்லை. தோடர் பூத்தையலுக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது வணிகத்துக்கான பாதுகாப்பு, கலையா இல்லையா என்பதற்கு அதைச் சான்றாகக் காட்ட வேண்டாம். நீங்கள் காட்ட வேண்டிய சான்று வேறு. உங்கள் மக்கள் விழா நாளில் போர்த்திக்கொள்வதும் புத்துக்குளி என்னும் போர்வையைத்தான், இறந்தவரைப் போர்த்தி அனுப்புவதும் பூத்தையல் நிறைந்த புத்துக்குளியில்தான். மகிழ்ச்சிக்கும் பிரிவுக்கும் ஒருசேர உடனிருக்கும் வேலைப்பாட்டில் உணர்வு இல்லை என்று யாரால் சொல்ல முடியும்?

கூச்சத்தைப் பற்றி: அது உங்களிடம் பிறந்ததில்லை, அந்த அறையில் உங்கள்மீது வைக்கப்பட்டது. அடுத்த முறை துணியோடு ஒரு பக்க அளவில் குறிப்பு ஒன்றையும் கொடுங்கள். இழை எண்ணும் முறையையும், எந்த உருவத்தை எங்கே ஏன் வைத்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். சுவரோடு ஒட்டிப் பொருத்தாமல், இருபுறமும் பார்க்கும்படி தொங்கவிடச் சொல்லுங்கள். எந்த உருவங்களை வெளியே காட்சிக்கு வைக்கலாம் என்பதைப் பாட்டியிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். அவர் வேண்டாம் என்று ஒன்றைச் சொன்னால், நடுவர்களின் தீர்ப்பைவிட அந்தச் சொல்லுக்கு மதிப்பு அதிகம்.

கேள்வி: கல்லூரி விழாவுக்காகக் குறும்பர் ஓவியங்களின் பாணியில் மேடைத் திரை வரையப் போகிறோம். எங்களில் யாரும் குறும்பர் இல்லை. செய்யலாமா? – மாணவர் குழு, கோத்தகிரி

பதில்: உங்கள் ஊரிலிருந்து எட்டிப் போகும் தூரத்தில் வெள்ளரிக்கொம்பை இருக்கிறது, பாறை ஓவிய மரபைத் துணியிலும் தாளிலும் தொடர்கிற குறும்பர் ஓவியர்கள் அங்கே இருந்திருக்கிறார்கள். அந்தச் சமூகத்து ஓவியர் ஒருவரை அழையுங்கள், ஊதியம் கொடுங்கள், அவர் வரைவதைப் பார்த்து உடன் வரையுங்கள், திரையின் ஓரத்தில் அவர் பெயரை எழுதுங்கள். மண்ணையும் மரப்பிசினையும் இலைச்சாற்றையும் வண்ணமாக்கும் விதத்தை நேரில் பார்ப்பதே உங்களுக்கு விழாவைவிடப் பெரிய லாபமாக இருக்கும். ஊதியத்துக்கு வழியில்லை என்றால், உங்கள் பாணியில் வேறு எதையாவது வரையுங்கள்.

கேள்வி: எங்கள் கல்லூரி உணவகச் சுவரில் நண்பர்கள் சேர்ந்து பல வாரம் உழைத்து வரைந்த ஓவியத்தை, ஒரு விருந்தினர் வருகிறார் என்று ஒரே நாளில் வெள்ளையடித்துவிட்டார்கள். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சட்டப்படி ஏதாவது செய்ய முடியுமா? – மாணவர், குன்னூர்

பதில்: சட்டம் உங்கள் பக்கம் ஓரளவு இருக்கிறது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 57-ஆவது பிரிவு, படைப்பை விற்றுவிட்ட பிறகும் படைத்தவருக்குச் சில உரிமைகள் உண்டு என்கிறது: தன் பெயரால் அது அறியப்படுவதற்கும், தன் மதிப்பைக் குலைக்கும்படி அது சிதைக்கப்பட்டால் எதிர்ப்பதற்கும். சிற்பி அமர்நாத் சேகல் டெல்லி விஞ்ஞான் பவனுக்காகச் செய்த மாபெரும் வெண்கலச் சுவர்ச்சிற்பம் 1979-இல் அவருக்குத் தெரியாமல் பெயர்த்தெடுக்கப்பட்டுக் கிடங்கில் போடப்பட்டது. அவர் வழக்குத் தொடுத்தார். 2005-இல் டெல்லி உயர் நீதிமன்றம், எஞ்சியிருந்ததை அவரிடமே திருப்பித் தரவும் ஐந்து இலட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கவும் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. ஆனால் உணவகச் சுவரை விஞ்ஞான் பவனாக நினைத்துக்கொண்டு நீதிமன்றப் படியேறுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். படைப்பைக் காட்சிக்கு வைக்காமல் விடுவது இந்த உரிமையை மீறியதாகாது என்றும் அதே பிரிவு சொல்கிறது; சுவர் அவர்களுடையது, உங்களிடம் எழுத்தில் ஒப்பந்தமும் இல்லை.

கோபத்தை மூன்று பத்திகளில் முதல்வருக்கு எழுதுங்கள்: எப்போது, யாருடைய அனுமதியோடு வரைந்தீர்கள், எத்தனை பேர் உழைத்தீர்கள், சொல்லாமல் அழித்தது ஏன் தவறு. எல்லோரும் கையெழுத்திடுங்கள். கடிதத்தின் முடிவில், புதிய சுவர் ஒன்றையும், அது எத்தனை ஆண்டு இருக்கும் என்ற எழுத்துப்பூர்வமான உறுதியையும் கேளுங்கள். இனி எந்தச் சுவரைத் தொடும் முன்பும் அந்த உறுதியை வாங்கிக்கொள்ளுங்கள். முடிந்தவுடன் பகல் வெளிச்சத்தில் முழுச்சுவரையும் பகுதி பகுதியாகப் படம் எடுத்து வையுங்கள்.

கேள்வி: நாங்கள் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்பவர்கள். எங்கள் பெற்றோர் சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்து இங்கே குடியேறியவர்கள். மகளைக் கல்லூரியில் சேர்த்திருக்கிறோம். விடுமுறைக்கு வந்தால் யாரிடமும் பேசாமல் நடுஇரவு வரை உட்கார்ந்து வரைந்துகொண்டிருக்கிறாள். கேட்டால் ஒன்றுமில்லை என்கிறாள். பிள்ளைக்கு மனநோய் ஏதும் இருக்குமோ என்று அவள் தாயார் பயப்படுகிறார். – ஒரு தகப்பன், கூடலூர்

பதில்: ஐயா, நடுஇரவு வரை வரைவது நோய் இல்லை. நீங்கள் கவனிக்க வேண்டியவை வேறு. பிள்ளை சரியாகச் சாப்பிடுகிறாளா, வரைந்து முடித்தபின் தூங்குகிறாளா, முன்பு பிடித்திருந்த மனிதர்களோடும் வேலைகளோடும் இப்போதும் சிரிக்கிறாளா என்று பாருங்கள். இவையெல்லாம் இருந்தால் அவள் வேலையில் இருக்கிறாள், அவ்வளவுதான். சாப்பாடும் தூக்கமும் குலைந்து, எதிலும் ஆசையில்லாமல், வரைவதையும் விட்டுவிட்டு இரண்டு வாரத்துக்கு மேல் முடங்கிக் கிடந்தால், அல்லது தன்னால் யாருக்கும் பயனில்லை என்பது போன்ற பேச்சு வந்தால், தயங்காமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். மேலே சொன்ன 14416 எண்ணில் பெற்றோரும் பேசலாம்.

"என்ன வரைகிறாய்?" என்று கேட்டால் "ஒன்றுமில்லை" என்றுதான் பதில் வரும். அதற்குப் பதில் பக்கத்தில் போய் உட்காருங்கள். பார்க்கலாமா என்று கேளுங்கள். காட்டினால், அழகாக இருக்கிறது என்று சொல்லி எழுந்துவிடாமல், படத்தில் இருப்பதைப் பற்றிக் கேளுங்கள். கொழுந்துக் கூடையின் வாரைத் தலையில் எப்படி மாட்டுவது, கவ்வாத்து வெட்டிய செடி எப்படி இருக்கும் என்பதெல்லாம் உங்கள் கைக்குத் தெரியும். அவள் தவறாக வரைந்திருந்தால் திருத்திச் சொல்லுங்கள். தாத்தா பாட்டி கப்பலேறி வந்த கதையை நீங்கள் முழுதாகச் சொல்லியிருக்கிறீர்களா? பிள்ளைகள் பல நேரம் அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்கள், கேட்கத் தெரியாமல். "இதனால் என்ன பிரயோஜனம்?" என்ற கேள்வியை மட்டும் இந்த விடுமுறையில் வேண்டாம்.

கேள்வி: மழைக்காலம் வந்தால் எங்கள் குழுவுக்கே மனம் சோர்ந்துவிடுகிறது. நீர்வண்ணம் காய்வதே இல்லை, தாள் நெளிந்துபோகிறது, சேர்த்துவைத்த படங்களில் பூஞ்சை பிடிக்கிறது. இந்தச் சோர்வை எப்படிச் சமாளிப்பது? – மாணவர்கள், கூடலூர்

பதில்: சோர்வில் பாதி தாளின் குற்றம் என்று நினைக்கிறேன். ஈரம் நிறைந்த காற்றில் வண்ணம் மெதுவாகக் காயும் என்பதை எதிர்த்து மல்லுக்கு நிற்காமல், அதற்கேற்ற படத்தை அந்த மாதங்களில் செய்யுங்கள். சமவெளியில் ஈரம் காயும் முன்பே ஓடி ஓடி முடிக்க வேண்டிய வேலையை, ஜூலையில் நீங்கள் நிதானமாகச் செய்யலாம். ஈரத்தாளில் வண்ணத்தைப் பரவவிட்டு மூடுபனியைக் கொண்டுவருவதற்கு உங்கள் ஊர்க் காற்றைப் போல உதவி வேறில்லை. தூரத்து மலைவரிசையை மிக மெல்லிய நீலச்சாம்பலில் முதலில் போடுங்கள், கிட்ட வர வர அடர்த்தியைக் கூட்டுங்கள். பனி, தொலைவிலுள்ளவற்றின் கருமையையும் வெண்மையையும் முதலில் தின்றுவிடுகிறது என்பதைச் சன்னலிலிருந்து பார்த்தாலே தெரியும். கூர்மையான கோடுகள் வேண்டிய படங்களுக்கு அந்த மாதங்களில் கரியும் பேனா மையும் போதும்.

தாள் 300 ஜிஎஸ்எம் கனமுள்ளதாக இருந்தால் நெளிவு வெகுவாகக் குறையும். விலை கட்டுப்படாவிட்டால், மெல்லிய தாளை முழுதாக நனைத்துப் பலகையில் விரித்து, நான்கு விளிம்புகளையும் பசைத்தாளால் ஒட்டிக் காயவிட்ட பிறகு வரையுங்கள். அடுப்புக்கு மேலேயோ ஹீட்டருக்கு முன்னாலேயோ படத்தைக் காட்டாதீர்கள். ஒருபக்கம் மட்டும் சூடேறித் தாள் முறுக்கிக்கொள்ளும். பூஞ்சைக்கு நீர்வண்ணத்திலுள்ள கருவேலம் பிசின் வகையே உணவு. அதனால் வண்ணப்பெட்டியை ஈரத்தோடு மூடாமல், காய்ந்த பின் மூடுங்கள். சொந்தமாகப் பிசின் கரைத்துக்கொள்கிறவர்கள் அதில் ஒரு சொட்டுக் கிராம்புத் தைலம் விடுங்கள். முடிந்த படங்களை நன்றாகக் காய்ந்த நாளில், இடையிடையே வெறுந்தாள் வைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு காற்றுப் புகாத பெட்டியில் அடுக்குங்கள். சுவரோடு ஒட்டியோ தரையிலோ அந்தப் பெட்டியை வைக்க வேண்டாம்.

கூடலூர், நடுவட்டம் பக்கத்தில் ஜூனிலேயே தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும். குன்னூர், கோத்தகிரிக்காரர்களுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்கு மழைதான் பெரும் சோதனை. அவரவர் பக்கத்து மழைக்கு ஒரு மாதம் முன்பே தாள் வாங்கி, பிரிக்காமல் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். எண்ணெய் வண்ணப் படங்களுக்கு வார்னிஷ் அடிப்பது போன்ற வேலைகளை, உறைபனி விழுந்தாலும் பகலில் காற்று உலர்ந்திருக்கும் ஜனவரி, பிப்ரவரிக்குத் தள்ளிப்போடுங்கள். அதுவும் முற்பகல் பதினொன்றுக்கு மேல், வெயில் ஏறிய பிறகு.